பக்கத்து வீட்டுக்குப் போன மூச்சு

மான்மவுத் ஜங்ஷன்,
3 பெப்ரவரி 2021

அன்புள்ள சயந்தினிக்கு,

ஆண்டவரின்ர கிருபையால நானும் இவரும் சுகம். நீரும் தம்பி ஷாந்தனும் அப்பாவும் சுகமாய் இருக்க வேணுமெண்டு நாளாந்தம் ஜெபிக்கிறன். போனில கதைச்சால் எனக்கு அரைவாசிதான் விளங்குது. புதுசாய்ப் போட்ட ஹியரிங் எய்ட் இரைச்சலைத்தான் கூட்டித் தருது. அதால வழமைபோல ஈமெயிலிலயே எழுதுறன், குறை நினைக்க வேண்டாம்.

இங்கை ஞாயிறு தொடங்கின ஸ்னோ நேற்றுத்தான் விட்டது. தபால் பெட்டி எங்கை இருக்கெண்டே தெரியேல்ல. இவர் ஷவலால ஸ்னோவை அள்ளிக் காரை வெளியில எடுத்து, அதுக்குப் பிறகுதான் நான் ஃபார்மசிக்கு வேலைக்குப் போனன். ஆக்கள் மருந்துக்காக வாசலில காத்துக்கொண்டு நிண்டவை.

இந்தக் குளிரைப் பார்க்கேக்க அப்பாவை உங்களிட்ட அனுப்பினது நல்லதெண்டு படுது. இங்கை இருந்திருந்தால் அவற்ற நுரையீரல் இந்த மாரியைத் தாங்கியிராது. அங்கை வெயில். முத்தத்தில நடக்கலாம். ஒக்சிஜன் மெஷின் ஒழுங்காய் ஓடுதோ? இரவில மூக்கில இருந்து குழாயைக் கழட்டிப் போடுவார், ஒருக்கால் எழும்பிப் பாரும்.

உடன பதில் போடும்.

அன்புடன்,
மச்சாள் குமுதினி


சுகர் லேண்ட்,
13 பெப்ரவரி 2021

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சு பத்து நாளாச்சு, பிந்தினதுக்கு மன்னிக்கவும். இங்கை எல்லாரும் சுகம். மாமா காலமை எழும்பித் தானே தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு, கைக்குள்ள அடங்கிற மெஷின் இல்லையெண்டு அந்தப் பெரிய மெஷினைத் திட்டுறார். அப்ப சுகமெண்டுதானே அர்த்தம்.

நீங்கள் வெயிலெண்டு எழுதினியள். நாளையில இருந்து இங்கை டெக்சாஸிலயும் ஸ்னோவும் ஐஸும் எண்டு டீவியில சொல்லுறாங்கள். கடையில பாணும் தண்ணியும் முடிஞ்சுது. ஷாந்தனை ஆஸ்பத்திரியில நாளைக்கே வந்து அங்கயே தங்கச் சொல்லியிருக்கினம். ரோட்டு ஐஸானால் டொக்டர்மார் வந்து சேர ஏலாதாம். எப்ப திரும்புவாரெண்டு தெரியாது.

நீங்கள் யோசிக்க வேண்டாம். கரண்ட் போனால் பாவிக்கிறதுக்கெண்டு ஒக்சிஜன் கொம்பனி ரெண்டு பெரிய சிலிண்டர் தந்திருக்கு. ஒண்டு ஒரு நாளைக்கு மேல வரும். கோவிட் நேரத்தில இதுக்கே பெரிய தட்டுப்பாடு. பக்கத்து வீட்டு மிஸ்டர் ட்ரான்ர மனுசி லான், கோவிட்டில கிடந்து போன கிழமைதான் ஒக்சிஜனோட வீட்டை வந்தவ. அவவுக்கு ஒரு சின்னச் சிலிண்டர்தான் குடுத்திருக்கினமாம். பாவம், நாப்பத்தஞ்சு வயசும் இருக்காது.

மாமாவுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வைச்சிட்டன். பிறகு எழுதுறன்.

இப்படிக்கு,
சயந்தினி


மான்மவுத் ஜங்ஷன்,
16 பெப்ரவரி 2021

அன்புள்ள சயந்தினிக்கு,

சுகம் கேட்டு எழுதக்கூட எனக்குப் பொறுமை இல்லை. டெக்சாஸ் முழுக்கக் கரண்ட் இல்லையெண்டு நியூஸில காட்டுறாங்கள். உம்மட போன் அடிக்குதே இல்லை. ஷாந்தன்ர போனும் அப்பிடித்தான். இவர் ஆஸ்பத்திரிக்கு அடிச்சார், லைனில வைச்சிருந்து பிறகு கட்டாயிட்டுது.

அப்பா எப்பிடி இருக்கிறார்? ஒரு வரி போதும். "இருக்கிறார்" எண்டு மட்டும் எழுதும்.

குமுதினி


சுகர் லேண்ட்,
20 பெப்ரவரி 2021

அன்புள்ள மச்சாளுக்கு,

மாமா இருக்கிறார். ஐசியூவில. ஷாந்தன் உங்களுக்கு மெசேஜ் போட்டதெண்டு சொன்னவர். நான் இண்டைக்குத்தான் உக்காந்து எழுதுறன்.

திங்கள் விடியக் கரண்ட் போனது, புதன் காலமைதான் வந்தது. வீட்டுக்குள்ள மூச்சு விட்டால் புகை தெரிஞ்சுது. மாமாவைக் கட்டிலில விட்டு, வீட்டில இருந்த எல்லாப் போர்வையையும் மேல போட்டன். செவ்வாய் மத்தியானம் மேல்மாடிக் குழாய் வெடிச்சு, ஹோல் சீலிங் அப்பிடியே விழுந்தது. ஷாந்தனுக்கும் 911க்கும் அடிச்சு அடிச்சு, கடைசியில 911 எடுத்தபிறகு போன் சார்ஜும் முடிஞ்சுபோச்சு. சிலிண்டரும் முடிஞ்சுபோச்சு. அம்புலன்ஸ் வந்து சேரப் பொழுதுபட்டிட்டுது.

இப்ப முகத்தில மாஸ்க் கட்டி மூச்சுக் குடுக்கினம். கண் முழிக்கிறார். கோவிட் காலமெண்டு எங்களை உள்ள விடுறதில்லை. ஷாந்தன் மட்டும் டியூட்டி முடிய எட்டிப் பார்க்கிறார்.

குழாய்த் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடிக்கச் சொல்லியிருக்கு. நான் சுகம்.

சயந்தினி


மான்மவுத் ஜங்ஷன்,
28 பெப்ரவரி 2021

அன்புள்ள சயந்தினிக்கு,

நேற்று ஷாந்தன் அனுப்பின ஃபோட்டோவில அப்பா கை காட்டுறதைப் பார்த்து நான் குழறி அழுதிட்டன். அப்பாவை எனக்குத் திருப்பித் தந்தது ஆண்டவரும் நீரும்தான். புருஷனும் பக்கத்தில இல்லாமல், அந்தக் குளிரில, தனிய ஒரு பொம்பிளையாய் என்ன பாடு பட்டிருப்பீர். இண்டைக்கு ஸூம் ஆராதனையில எழும்பி சாட்சி சொன்னன். "என்ர தம்பி பெண்சாதி என்ர அப்பாவின்ர உயிரைக் கையில பிடிச்சு வைச்சிருந்தவ" எண்டு உம்மட பேரைச் சொல்லித்தான் சொன்னன். இந்திராதேவி அன்ரி கண்ணைத் துடைச்சதை ஸ்கிரீனில பார்த்தன். பாஸ்டர் உமக்காக ஜெபிச்சார்.

ஒண்டு கேக்கவேணும், பிழையாய் எடுக்க வேண்டாம். ரெண்டு பெரிய சிலிண்டர் எண்டு எழுதினீர். ஒண்டு ஒரு நாளைக்கு மேல வருமெண்டும் எழுதினீர். அப்ப செவ்வாய் எப்பிடி முடிஞ்சது? கொம்பனிக்காரர் அரைவாசி நிரப்பினதைத் தந்து ஏமாத்தியிருந்தால் விடக்கூடாது. இவர் கொம்பனிக்கு எழுதப்போறார். உமக்குத் தெரிஞ்சதை எழுதும்.

நல்லாய்ச் சாப்பிடும், நித்திரை கொள்ளும்.

என்றும் நன்றியுள்ள,
மச்சாள்


சுகர் லேண்ட்,
21 மார்ச் 2021

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்களும் அண்ணாவும் சுகமெண்டு நம்பிறன். மாமா வீட்டை வந்து ஒரு கிழமை. எல்லாரையும் அடையாளம் தெரியுது, நல்லாய்க் கதைக்கிறார். ஆனால் நடக்கிறது கஷ்டம். கட்டிலில இருந்து பாத்ரூமுக்குப் போறதுக்கிடையில நிண்டு நிண்டு போறார். மூச்சுக் குறைஞ்சதில இருதயமும் களைச்சுப் போச்செண்டு டொக்டர் சொன்னவர். தேத்தண்ணி நான்தான் போட்டுக் குடுக்கிறன்.

சீலிங் திருத்த ஆள் கிடைக்கேல்ல. ஊர் முழுக்க ஒரே வேலை. மேலே பார்த்தால் மரச்சட்டமெல்லாம் தெரியுது. ஓர் ஓரமாய் தார்ப்பாய் கட்டியிருக்கிறம்.

கொம்பனிக்கு எழுத வேண்டாம் மச்சாள். தயவுசெய்து எழுத வேண்டாமெண்டு அண்ணாவிட்டச் சொல்லுங்கோ. இனிமேல் சபையில என்னைப்பற்றிச் சொல்லவும் வேண்டாம்.

சயந்தினி


மான்மவுத் ஜங்ஷன்,
2 ஏப்ரல் 2021

அன்புள்ள சயந்தினிக்கு,

நானும் இவரும் சுகம். உமக்கு என்ன நடந்ததெண்டு எனக்கு விளங்கேல்ல. கடிதம் சின்னனாய்க்கொண்டு போகுது. கேட்டதுக்கு மறுமொழி இல்லை. களைப்பாய் இருக்குமெண்டு இவர் சொல்லுறார்.

ரெண்டாவது ஊசியும் போட்டாச்சு. பதினாறாம் திகதி பிளேனில வாறன், ஒரு கிழமை நிப்பன். அப்பாவைத் தொட்டுப் பார்க்க வேணும். நீர் ஒண்டும் சமைச்சுக் கஷ்டப்பட வேண்டாம், நான் வந்து புட்டு அவிக்கிறன்.

நேரில கதைப்பம்.

மச்சாள் குமுதினி


மான்மவுத் ஜங்ஷன்,
25 ஏப்ரல் 2021

சயந்தினிக்கு,

சுகமாய் வந்து சேர்ந்தன்.

உம்மட வீட்டில நான் ஒண்டும் கேக்கேல்ல. கேட்டால் என்ர வாயில என்ன வந்திருக்குமெண்டு எனக்கே தெரியாது. அதால எழுதுறன்.

கடைசி நாள் காலமை நான் குப்பைத் தொட்டியை உள்ள இழுக்கப் போனன். பக்கத்து வீட்டு மனுசன் வேலிக்கரையில நிண்டு என்னைக் கண்டதும் தொப்பியைக் கழட்டினார். "யூ ஆர் த டோட்டர்?" எண்டு கேட்டார். ஓமெண்டன். ரெண்டு கையையும் கூப்பி, "யுவர் ஃபாதர்ஸ் ஒக்சிஜன். மை வைஃப் அலைவ். தாங்க் யூ, தாங்க் யூ" எண்டு சொல்லிக்கொண்டே நிண்டார். காது பிழையாய்க் கேட்டுதோ எண்டு திருப்பிக் கேட்டன். கையால சிலிண்டர்ர உயரத்தைக் காட்டினார்.

அவருக்குப் பின்னால அந்த மனுசி கத்தரிக்கண்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டவ. தானே ஹோஸைத் தூக்கிக்கொண்டு. உள்ள என்ர அப்பா பாத்ரூம் வாசலில சுவரைப் பிடிச்சு நிக்கிறார்.

சபைக்கு முன்னால உம்மட பேரைச் சொல்ல விட்டுட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தீர். கொம்பனிக்காரரைத் திட்ட விட்டீர். அப்பா உம்மை நம்பிப் படுத்திருந்த மனுசன். அவற்ற மூச்சை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்க உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?

பள்ளிக்கூட விடுமுறை தொடங்க முதல் டிக்கெட் போடுறன். அப்பாவை இங்கை கூட்டிக்கொண்டு வாறன். ஷாந்தனுக்கும் எழுதிட்டன்.

குமுதினி


சுகர் லேண்ட்,
9 மே 2021

அன்பு மகள் குமுதினிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மருமகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐபேடில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட்டு, அடுத்த நாள் தொடருவேன். இது மூன்று நாள் கடிதம்.

சயந்தினிக்கு நீ எழுதியதை ஷாந்தன் எனக்கு வாசித்துக் காட்டினான். நீ அவசரப்பட்டுவிட்டாய். சிலிண்டரைக் கொடுக்கச் சொன்னது நான். அந்த மனிதர் வந்து கேட்டபோது நான் விழித்துத்தான் இருந்தேன். அவள் தயங்கினாள். "கொடு பிள்ளை" என்று நான்தான் அதட்டினேன். என்னுடைய சிலிண்டர், நான் கொடுத்தேன். இதில் அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

டிக்கெட் போடாதே. நான் அங்கு வரமாட்டேன். பிளேனுக்கு என் மூச்சு போதாது என்று டொக்டர் சொல்லுவார், ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. எனக்கு இங்கு இருக்க விருப்பம்.

சயந்தினியை இதைப் பற்றி இனி ஒன்றும் கேளாதே.

அப்பா
அரியரட்ணம்


சுகர் லேண்ட்,
6 ஜூன் 2021

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாய் இருக்க வேணும். மாமா அப்பிடியே இருக்கிறார், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

மாமா உங்களுக்கு எழுதினதை எனக்குக் காட்டினவர். "இதோட முடிஞ்சுது" எண்டார். நானும் முடியட்டுமெண்டு ஒரு மாசம் பேசாமல் இருந்தன். ஏலாமல் இருக்கு. மாமா எழுதினது பொய் மச்சாள். என்னைக் காப்பாத்த எழுதின பொய். அவர் அப்ப நல்ல நித்திரை.

திங்கள் பின்னேரம் இருட்டுப்படுற நேரம் கதவைத் தட்டிக் கேட்டுது. மிஸ்டர் ட்ரான். வான் எங்கட டிரைவ்வேயில குறுக்கால நிண்டுது. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டவர், ஃப்ரீவேக்கு ஏறுற பாலத்தில வான் ஏறேல்லயாம், வழுக்கி வழுக்கித் திரும்பி வந்திட்டார். "வைஃப் ஒக்சிஜன் ஃபினிஷ். யூ ஹாவ் டூ. ஒன், ப்ளீஸ். பவர் கம்ஸ், ஐ பிரிங் பாக்" எண்டார். நான் ஏலாதெண்டு சொன்னன். "மை ஃபாதர் இன் லோ" எண்டு உள்பக்கம் கையைக் காட்டினன். அவருக்கு விளங்கிச்சுது. தலையை ஆட்டிப்போட்டுத் திரும்பிட்டார். கெஞ்சேல்ல, மச்சாள். கெஞ்சியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பனோ தெரியாது.

வான் கதவு திறந்து கிடந்துது. உள்ள லைட்டில லானைக் கண்டன். சொண்டு ரெண்டும் நாவல்பழம் திண்டமாதிரி நீலமாய் இருந்தது. அவவின்ர மகள் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சு "மா, மா" எண்டு கூப்பிடுறாள். நான் உள்ள போய் மாமாவைப் பார்த்தன். முதல் சிலிண்டரில அமைதியாய் நித்திரை. எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் மாமா குடு எண்டுதான் சொல்லுவார், அப்பிடிச் சொல்ல வைக்கிறதும் பிழையெண்டு பட்டுது. மற்றச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வெளியில போனன்.

கரண்ட் வருமெண்டு நம்பித்தான் குடுத்தனெண்டு உங்களுக்கு எழுதலாம். இடத்துக்கு இடம் மாறி மாறித் தருவாங்களெண்டு ரேடியோவில சொன்னதுதான். ஆனால் நான் முழுசாய் நம்பேல்ல. அண்டைக்குக் காலமையில இருந்து வராத கரண்ட். தெரிஞ்சுதான் குடுத்தனான்.

செவ்வாய் விடிய மாமாவிட்டச் சொன்னன். "மாமா, ஒண்டைப் பக்கத்து வீட்டு லானுக்குக் குடுத்திட்டன்." மாமா சிலிண்டரை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பிள்ளை மூச்சு விடுதோ?" எண்டார். "ஓம் மாமா." "சரி." அவ்வளவுதான். கையை நீட்டி சிலிண்டர்ர திருகைத் தானே குறைச்சார். நான் கூட்டினன். திருப்பிக் குறைச்சார். "சும்மா இரு பிள்ளை, கனநேரம் ஓடட்டும்" எண்டு என்ர கையைத் தட்டிவிட்டார்.

மத்தியானம் அது முடிஞ்சுது. நான் ஐஸில விழுந்தெழும்பி ட்ரான் வீட்டுக்கு ஓடினன். குடுத்ததைத் திருப்பிக் கேக்கத்தான் ஓடினன், மச்சாள். அவர் கதவைத் திறந்து என்ர முகத்தைப் பார்த்தார். ஒரு கையால சிலிண்டரை உருட்டி, மற்றக் கையால லானைத் தாங்கிக்கொண்டு எங்கட வீட்டை வந்தார். மாமாவையும் லானையும் பக்கத்தில பக்கத்தில சோபாவில இருத்தினம். கொஞ்ச நேரம் அவர், கொஞ்ச நேரம் அவ. குழாயை நான் மாத்தி மாத்திப் போட்டன். மாமா "இனஃப், இனஃப், கிவ் ஹேர்" எண்டுவார். லான் தலையை ஆட்டி அவர்ர பக்கம் தள்ளிவிடுவா. வாய் நீலமாய்ப் போகுது, ரெண்டு பேரும் வேண்டாமெண்டுகினம். எனக்குக் கோபம் வந்து கத்திட்டன். பக்கத்தில சீலிங் விழுந்ததைக்கூட ஆரும் திரும்பிப் பார்க்கேல்ல. அம்புலன்ஸ் வந்து ரெண்டு பேரையும் ஒண்டாய் ஏத்திக்கொண்டு போச்சுது.

அதுக்குப் பிறகு உங்களுக்கு முதல் கடிதம் எழுதேக்கயே சொல்ல நினைச்சன். மாமா பிழைக்கட்டும், பிறகு சொல்லுவமெண்டு விட்டன். பிறகு நீங்கள் சபையில எழும்பி என்ர பேரைச் சொன்னியள். அதுக்குப் பிறகு எப்பிடி வாயைத் திறக்கிறது? ஷாந்தனுக்கும் நீங்கள் எழுதித்தான் தெரியும். அவர் என்னை ஏசேல்ல. "என்னட்டயும் சொல்லேல்லயே" எண்டு மட்டும் சொல்லிட்டு காருக்குள்ள போய் இருந்தார்.

ஆர் அதிகாரம் தந்ததெண்டு கேட்டியள். ஒருத்தரும் தரேல்ல. லானைப் பார்க்கேக்க குடுத்தது சரியெண்டு இருக்கு. மாமா சுவரைப் பிடிச்சு நிக்கேக்க பிழையெண்டு இருக்கு. திருப்பி அந்த நாள் வந்தால் என்ன செய்வனெண்டு கேட்டால், எனக்குத் தெரியாது.

மாமாவைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் நான் குறுக்க நிக்க மாட்டன். ஆனால் அவர் சொன்ன பொய்க்குப் பின்னால ஒளிச்சிருக்க என்னால ஏலாது.

சயந்தினி


மான்மவுத் ஜங்ஷன்,
17 ஒக்டோபர் 2021

அன்புள்ள சயந்தினிக்கு,

நானும் இவரும் சுகம். நீர், தம்பி, அப்பா எல்லாரும் எப்பிடி? அப்பாவுக்கு நான் எழுதிக்கொண்டுதான் இருந்தன். உமக்குத்தான் எழுதேல்ல. உம்மட கடிதத்தை வாசிக்காமல் விட்டனெண்டு நினைச்சிருப்பீர். எத்தினை தரம் வாசிச்சனெண்டு இவரைக் கேளும்.

சபையில நான் பிறகு ஒண்டும் சொல்லேல்ல. இந்திராதேவி அன்ரி இன்னும் உம்மைப்பற்றி விசாரிப்பா. சுகமெண்டு மட்டும் சொல்லுவன்.

ஏப்ரலில அந்த மனுசி தண்ணி விட்டுக்கொண்டு நிண்டதைப் பார்க்க எனக்கு வயிறு எரிஞ்சது. அவ நடக்கிற நடை அப்பாவின்ர நடையெண்டு பட்டுது. அது இப்பவும் முழுசாய்ப் போகேல்ல. மறைக்காமல் எழுதுறன். ஆனால் அப்பா போன கிழமை எழுதியிருந்தார். பின்னேரத்தில லான் வந்து பக்கத்தில இருப்பாவாம், ரெண்டு பேரும் ஒரு பாஷையும் இல்லாமல் டீவியில சமையல் ப்ரோகிராம் பார்க்கினமாம். அவ கொண்டுவாற சூப்பில உப்புக் காணாதாம், அதைச் சொல்ல அவருக்கு வழி தெரியேல்லயாம். வாசிச்சுச் சிரிச்சன். சிரிச்சது அந்த மனுசியை நினைச்சுமெண்டு பிறகுதான் உறைச்சது.

நீர் செய்தது சரியெண்டு என்னால எழுத ஏலாமல் இருக்கு, சயந்தினி. எழுதினால் அது அப்பா எழுதின மாதிரித்தான் இருக்கும், உம்மைச் சமாதானப்படுத்த. அதை நீர் கேக்கவும் இல்லை. ஆனால் ஆர் அதிகாரம் தந்ததெண்டு கேட்டனே, அதை நான் கேட்டிருக்கக் கூடாது. நான் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல இங்கால, ஹீட்டர் போட்ட அறையில இருந்துகொண்டு கேட்டன். வாசலில நிண்டது நீர்.

அப்பா இங்கை வர மாட்டாரெண்டால் வர வேண்டாம். நான் வாறன். ஃபார்மசியில கதைச்சு லீவு எடுத்திட்டன். டிசம்பர் கடைசியில வந்து குளிர் முடியும்வரைக்கும் உங்களோட நிப்பன். இவர் தானே சமைச்சுச் சாப்பிடுவாராம், பார்ப்பம். ஷாந்தன் ஜெனரேட்டர் வாங்கினவரெண்டு எழுதினார், நல்லது. இன்னும் ரெண்டு சிலிண்டருக்குக் கேட்டுப் பாரும், தட்டுப்பாடு குறைஞ்சிருக்கும்.

ஆனால் அதெல்லாம் இருந்தும் ஒரு பின்னேரம் கரண்ட் போய், ஆரும் கதவைத் தட்டக்கூடும். அப்ப குடுப்பமெண்டோ குடுக்க மாட்டமெண்டோ இப்ப எழுதி வைக்க எனக்குத் தைரியம் இல்லை. நீர் தனியப் போய்க் கதவைத் திறக்க வேண்டாம், என்னைக் கூப்பிடும். காது கேக்காட்டில் தோளில தட்டும். ரெண்டு பேருமாய்ப் போய்த் திறப்பம்.

முன்னறையில எனக்கு ஒரு கட்டில் போட்டு வையும். அப்பாவிட்ட இப்ப சொல்ல வேண்டாம், நான் வந்து நிண்டு அவற்ற முகத்தைப் பார்க்க வேணும்.

உம்மட மச்சாள்,
குமுதினி